கயாக் பழக ஆசை: முட்டுக்காட்டில் தொடங்கலாமா? முதலில் எதை வாங்குவது?

ஓஎம்ஆர்_செந்தில் கேட்டது:

வணக்கம். சென்னையில் வேலை சிறுசேரியில், வீடு நாவலூரில். வயது 34, உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 82 கிலோ. நீச்சல் குளத்தில் 25 மீட்டர் நீந்திவிடுவேன். கால் எட்டாத இடம் என்றால் கொஞ்சம் பதற்றம் வரும். மனைவிக்கும் ஆர்வம் உண்டு. அவர் எடை 56 கிலோ, நீச்சல் தெரியாது.

காற்றடைக்கும் இரட்டை இருக்கை கயாக் படகு ஒன்றை ஆன்லைனில் வாங்கலாம் என்று இருக்கிறேன். 180 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது, துடுப்பும் பம்ப்பும் சேர்த்தே தருகிறார்கள். வேலை முடிந்து மாலை ஐந்து மணிக்கு முட்டுக்காடு உப்பங்கழியில் இறக்கி ஓட்டிப் பழகிவிட்டு, கை வந்ததும் கோவளம் கடலுக்குப் போவதாக எண்ணம். வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமா, வகுப்பு தேவையா? துடுப்பின் நீளத்தை எப்படிப் பார்ப்பது? கவிழ்ந்தால் என்ன செய்வது?

நெய்தல்:

வாங்க செந்தில். ஆசை நல்ல ஆசை. திட்டத்தின் வரிசையை மட்டும் மாற்றுங்கள். படகு வாங்குவது கடைசியில் இருக்கட்டும். தண்ணீரில் விழுந்தபின் யார் கையும் படாமல் திரும்ப ஏறுவதுதான் முதல் பாடம். நேராக ஓட்டுவது இரண்டு மூன்று காலைப்பொழுதில் பிடிபட்டுவிடும். ஏறுவது அப்படி வராது, வேண்டுமென்றே விழுந்து விழுந்து பழக வேண்டும். கயாக்கில் ஆபத்து விழுவதில் இல்லை. ஏற முடியாமல் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டே கை ஓய்ந்துபோவதில் இருக்கிறது.

மாலை ஐந்து மணி வேண்டவே வேண்டாம். சென்னைக் கரையில் பெரும்பாலும் முற்பகல் 11-இலிருந்து பிற்பகல் 2-க்குள் கடற்காற்று எழும்பிவிடும். கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று பிற்பகல் முழுக்க நிற்காது. கழியில் அலை சின்னதாக இருப்பதால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். புதியவர் அமைதியான நீரில் மணிக்கு 4, 5 கி.மீ. போவார், 20 கி.மீ. எதிர்காற்றில் அதில் பாதிகூடத் தேறாது. காற்றடைத்த படகுக்கு இது இன்னும் மோசம். உடம்பு முழுக்க நீருக்கு மேலே நிற்கும், நீருக்குள் பிடிமானம் கிடையாது. போதாக்குறைக்கு ஆறு, ஆறரைக்கு இருட்டிவிடும்.

விடிந்ததும் இறங்கி எட்டரைக்குள் கரையேறுங்கள். முன்னறிவிப்பில் 12 கி.மீ.க்கு மேல் காற்று என்றால் தொடக்கக் காலத்தில் அன்று போகாதீர்கள். நீர்ப்பரப்பில் அங்கங்கே வெள்ளையாக நுரை உடையத் தொடங்கினால் உங்கள் அளவைத் தாண்டிவிட்டது, கரைக்கு வந்துவிடுங்கள். கிளம்பும்போது எப்போதும் காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதே காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையிலேயே மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வலுத்திருக்கும் நாட்கள் உண்டு. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையோரம் தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடக்கும், அலை எழும்ப அங்கே தூரம் போதாது என்பதுதான் காரணம். உள்ளே போகப் போக அலை வளரும், திரும்பும்போதுதான் எதிர்காற்று தெரியும். முட்டுக்காட்டில் அந்தக் காற்று உங்களை முகத்துவாரப் பக்கம் தள்ளும்.

முட்டுக்காட்டில் இசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பாலத்துக்கு மேற்கே உள்ள நீர்தான் உங்களுக்கு. பாலத்தைக் கடந்து கிழக்கே போகாதீர்கள். முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில், கடல்மட்டம் தாழும் வற்ற நேரத்தில் நீர் தூண்களுக்கு நடுவே ஒடுங்கி வேகமெடுக்கும். படகு குறுக்காகப் போய்த் தூணில் ஒட்டிக்கொண்டால் மனித பலத்தில் பிரிக்க முடியாது. வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, மழைத்தண்ணீர் கடலுக்குப் பாயும் நாட்களில் கழிப்பக்கமே போக வேண்டாம். மற்ற நாட்களில் கவனிக்க வேண்டியவை வலை கட்டிய கம்புகள், சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விசைப்படகுகள், அடியில் கிடக்கும் சிப்பி ஓடுகள். சிப்பி கத்தியாய்க் கிழிக்கும், வெறுங்காலோடு இறங்கக் கூடாது. சொந்தப் படகை எங்கே இறக்கலாம் என்பதை முன்கூட்டியே படகு இல்லத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்புக்குக் கட்டாயம் போங்கள். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். கவிழ்த்துவிட்டு ஏறப் பழக்குவீர்களா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? அவர் கரையில் நிற்பாரா, தன் படகில் கூட வருவாரா? உயிர்காப்பு ஜாக்கெட் மாட்டி ஒரு சுற்று விட்டுவரச் சொன்னால் அது சவாரி. அதற்கு வகுப்புக் கட்டணம் தர வேண்டியதில்லை.

துடுப்புத்தண்டு:

நெய்தல் சொன்னதோடு முழு உடன்பாடு. பொருட்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. படகில் 180 கிலோ என்று அச்சிட்டிருப்பது மூழ்காமல் மிதக்கும் எல்லை, ஓட்டத் தகுந்த எல்லை அதில் சுமார் 70 சதவீதம்தான், அதாவது 125 கிலோ. நீங்கள் இருவரே 138 கிலோ. தண்ணீர் பாட்டில், பை, நனைந்த துணி எல்லாம் தனி. அளவு மீறிய படகு தாழ்ந்து, திரும்ப மறுத்து, சின்ன அலைக்கே உள்ளே தண்ணீர் வாங்கும். நீங்கள் பார்த்த படகு இருவருக்கும் சேர்த்துப் பற்றாது.

எங்கள் வெயிலுக்கும் வெதுவெதுப்பான தண்ணீருக்கும் ஏற்றது சிட்-ஆன்-டாப் வகை. மேலே உட்காரும் கெட்டி பிளாஸ்டிக் படகு, 10 முதல் 12 அடி நீளம், 75 முதல் 80 செ.மீ. அகலம். உள்ளே சிக்கிக்கொள்ளும் பேச்சே இல்லை, மேலே விழும் தண்ணீர் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். உள்ளே உட்காரும் வகை கவிழ்ந்தால் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் புகும். இறைக்கப் பம்ப் வேண்டும், உள்ளே தடுப்புச் சுவர் வேண்டும், கூட ஒருவர் வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

துடுப்பு நீளத்துக்கு உங்கள் உயரத்தோடு படகின் அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு 75 செ.மீ. அகலப் படகில் 230 செ.மீ. துடுப்பு சரி. 90 செ.மீ. அகலமுள்ள காற்றடைத்த படகில் 240 தேவைப்படும், இல்லாவிட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் விரல் முட்டி படகில் இடிக்கும். படகோடு இனாமாக வரும் அலுமினியத் துடுப்பு பெரும்பாலும் பல துண்டாக மாட்டுவது. மூட்டுகள் ஆடும், எடை ஒரு கிலோவைத் தாண்டும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் தூக்குகிற பொருள் அது. காசு மிச்சம் இருந்தால் படகில் போடுவதைவிடத் துடுப்பில் போடுங்கள் என்பேன்.

ஜாக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். அடக்கமான நீரில் நீந்தத் தெரிந்த உங்களுக்கு 50 நியூட்டன் மிதப்புள்ள, தோள் திறந்த, கயாக்குக்கென்றே செய்த ஜாக்கெட் போதும். உங்கள் மனைவிக்கு 100 நியூட்டன் வகை. அதில் கழுத்துக்குப் பின்னால் காலர் இருக்கும், முகத்தை மேல்நோக்கித் திருப்பப் பார்க்கும். மாட்டும்போது இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, மேலே வந்து, கடைசியில் தோள்பட்டையை இறுக்குங்கள். பிறகு இன்னொருவர் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கட்டும். ஜாக்கெட் காது வரை ஏறினால் அளவு தவறு. விசில் ஜாக்கெட்டிலேயே கட்டியிருக்க வேண்டும். போன் நீர்புகாப் பையில் உங்கள் உடம்போடு இருக்கட்டும். படகில் கட்டிய போன் படகோடு போய்விடும்.

ஓஎம்ஆர்_செந்தில்:

மிக்க நன்றி. மாலைத் திட்டத்தைக் கைவிட்டாயிற்று. இரட்டைப் படகு வாங்குவதையும் தள்ளிவைக்கிறேன். சிட்-ஆன்-டாப்பில் திரும்ப ஏறுவதைப் படிப்படியாக யாராவது சொல்ல முடியுமா? வீடியோவில் ஒரே தாவலில் ஏறிவிடுகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை.

மீரா_கடலூர்:

செந்தில் சார், அந்தத் தாவலுக்குள் நான்கு வேலை இருக்கிறது. நெஞ்சளவு நீரில், பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து, கால் தரையில் படாமல் செய்து பழகுங்கள்.

படகு தலைகீழாகக் கிடக்கிறது. துடுப்பை விடாதீர்கள், படகையும் விடாதீர்கள். காற்று இருந்தால் ஆளில்லாத படகு நீந்துகிறவரைவிட வேகமாக ஓடும். நடுப்பகுதிக்கு வந்து, அடிப்பக்கத்தின் மேலாகக் கையை நீட்டி அந்தப்பக்க விளிம்பையோ வடிதுளையையோ பிடியுங்கள். இந்தப்பக்க விளிம்பில் முழங்காலை ஊன்றி, உடம்பை முழுசாகப் பின்னால் சாயுங்கள். படகு உங்கள் பக்கமாகப் புரண்டு நிமிரும், முகத்தில் அடிக்காமல் தலையை விலக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மிதந்தபடி இருக்கைக்கு நேராக வாருங்கள். ஒரு கை இந்த விளிம்பில், மறு கை இருக்கைக்கு அப்பால் உள்ள பட்டையில். அடுத்ததில்தான் எல்லோரும் தோற்பார்கள். கால்கள் படகுக்கு அடியில் போயிருக்கும், அந்த நிலையில் கையால் உடம்பைத் தூக்கப் பார்ப்பார்கள், படகு அவர்கள் மேலேயே கவிழும். அதனால் இழுக்காதீர்கள், முதலில் காலை உதையுங்கள். உடம்பு குப்புறப் படுத்து மிதக்கும் வரை, குதிகால் நீர்மட்டத்துக்கு வரும் வரை உதையுங்கள். பிறகு பலமாக ஓர் உதை, அதே நொடியில் படகை உங்கள் வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேலே ஏறுவதாக நினைக்க வேண்டாம், படகை உங்களுக்குக் கீழே கொண்டுவருவதாக நினையுங்கள்.

தொப்புள் இருக்கைக்கு மேல் வந்ததும் நிறுத்தி மூச்சு விடுங்கள். குப்புறக் கிடக்கும் வரை படகு ஆடாது. பிறகு உடம்பைப் புரட்டிப் பின்புறத்தை இருக்கையில் வையுங்கள், கால்கள் இன்னும் வெளியே தொங்கட்டும். கடைசியில் ஒவ்வொரு காலாக உள்ளே. கடைசிக் கட்டத்தில் அவசரப்பட்டு எழுந்து உட்கார்கிறவர்கள் மறுபக்கமாக விழுவார்கள்.

கை பலம் போதவில்லை என்றால் மூன்று மீட்டர் நாடாவை வளையமாக முடிந்து படகைச் சுற்றிக் கட்டுங்கள். நீருக்குள் தொங்கும் வளையத்தில் பாதத்தை வைத்து ஏறலாம். ஓட்டும்போது அதைச் சுருட்டிப் பையில் வைத்திருக்க வேண்டும், காலில் சிக்க விடக் கூடாது.

தொடர்ந்து இரு பக்கத்திலிருந்தும் ஏற வந்தால் பழகிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். அரை மணி ஓட்டிக் களைத்தபின் ஒருமுறை ஏறிப் பாருங்கள். உண்மையில் விழுவது அப்போதுதான்.

கழியில் ஓர் எச்சரிக்கை. ஆழமில்லை என்று சட்டென்று கால் ஊன்றாதீர்கள். சேறு முழங்கால் வரை இழுக்கும், சிப்பி கீறும். மல்லாந்து மிதந்தபடியே படகைப் பிடியுங்கள்.

துடுப்புத்தண்டு:

மீரா எழுதியதைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நான் ஓட்டும் முறையைச் சேர்க்கிறேன், புதியவர்களுக்கு வரும் தோள்வலிக்கும் கொப்புளத்துக்கும் காரணம் அதில்தான் இருக்கிறது.

துடுப்பைப் பிடிக்கும் இடம்: தண்டின் நடுவைத் தலைமேல் வைத்து, இரு முழங்கையும் செங்கோணத்தில் மடங்கும்படி பிடியுங்கள். அந்த அகலத்திலேயே கை இருக்கட்டும். பிளேடின், அதாவது துடுப்பின் அகன்ற முனையின், குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும், நீளமான ஓரம் மேலே. தலைகீழாகப் பிடித்து ஓட்டுகிறவர்களைப் படகு இல்லங்களில் தினமும் பார்க்கலாம். அப்படிப் பிடித்தால் தண்டு கைக்குள் முறுக்கிக்கொண்டே இருக்கும். இரு பிளேடையும் ஒரே கோணத்தில் வைத்துத் தொடங்குங்கள், திருகிவைப்பது பிறகு.

உட்காரும்போது முதுகை நிமிர்த்துங்கள். சாய்மானம் இடுப்புக்கு மேலே அணைவாக இருந்தால் போதும். பாதம் மிதியில் பதிந்து, முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கால் மரத்துப்போனால் மிதி மிகக் கிட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதத்துக்குப் பக்கத்தில் பிளேடு முழுதும் நீரில் மூழ்கியபின் இழுக்கத் தொடங்கி, இடுப்புக்கு வந்ததும் வெளியே எடுங்கள். இழுப்பது கையல்ல, திரும்பும் உடம்பு. வலது பக்கம் இழுக்கும்போது வலது தோள் முன்னாலிருந்து பின்னுக்கு வர வேண்டும், வலது பாதம் மிதியை அழுத்த வேண்டும். மேல் கையின் விரல்கள் தளர்ந்திருக்கட்டும். இறுகப் பிடித்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே கொப்புளம் நிச்சயம்.

படகு நேராகப் போகாமல் வாலை ஆட்டுகிறதா? இடுப்பைத் தாண்டியும் இழுக்கிறீர்கள் என்று பொருள். இடுப்புக்குப் பின்னால் போகும் இழுப்பு படகை முன்னே தள்ளாது, மூக்கை மறுபக்கம் திருப்பும். கண் பிளேடைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்த்து ஓட்டுங்கள். திருப்ப வேண்டும் என்றால் பாதத்திலிருந்து பின்முனை வரை அரைவட்டமாக, கையை நீட்டி, நீர்மட்டத்தையொட்டி வீசுங்கள். நிறுத்த, இரு பக்கமும் மாறி மாறிக் குறுகிய பின்னிழுப்பு மூன்று நான்கு போதும். இந்த மூன்றும் போதும், முதல் மாதத்துக்கு வேறு எதுவும் கற்க வேண்டாம்.

ஓஎம்ஆர்_செந்தில்:

மனைவி சார்பில் ஒரு கேள்வி. வகுப்பில் இருவரும் இரட்டைப் படகில் போனால் யார் எங்கே உட்கார வேண்டும்? அப்புறம் அந்தக் கடல் விஷயம், எத்தனை நாள் பழகியபின் போகலாம்?

கொண்டல்:

தம்பி, எடை கூடியவர் பின்னால். நீங்கள் பின்னால், தங்கச்சி முன்னால். முன்னால் எடை கூடினால் மூக்கு நீரில் புதைந்து படகு திரும்பாது. முன்னால் இருப்பவர் தாளம் பிடிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அதே பக்கம் அதே நேரம் துடுப்பைப் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு துடுப்பும் மோதும். திசை திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. முன்னால் இருப்பவருக்குப் பின்னாலிருந்து உத்தரவு போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், பாதி ஜோடிகள் சண்டை போடுவது இதில்தான். கவிழ்ந்தால் ஒருவர் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்துப் படகை அடக்க வேண்டும், மற்றவர் ஏற வேண்டும். பிறகு ஏறியவர் உள்ளிருந்து எதிர்ப்பக்கம் சாய்ந்து சமன் செய்வார். தங்கச்சிக்கு நீச்சல் தெரியாததால், படகு ஏறுமுன் நீச்சல் குளத்தில் அதே ஜாக்கெட்டோடு ஆழப்பக்கம் மிதந்து பார்க்கட்டும். முகம் நனைந்தாலும் பதறாமல் மல்லாந்து கிடக்கப் பழகிய பிறகுதான் கழி.

கடலுக்கு நாள் கணக்கு சொல்ல முடியாது. கழியில் ஓட்டுவது வேறு, அலை உடையும் இடத்தைக் கடப்பது வேறு. படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பியதும் புதியவர் பயந்து கரைப்பக்கம் சாய்வார், அலை அப்படியே புரட்டிவிடும். சாய வேண்டியது அலையின் பக்கம். விழுந்தால் படகுக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். அடுத்த அலை இருபது, முப்பது கிலோ படகைத் தூக்கி உங்கள் மேல் எறியும். படகு எப்போதும் உங்களுக்குக் கரைப்பக்கத்தில் இருக்க வேண்டும். துடுப்பை உடம்போடு கயிற்றில் கட்டிக்கொண்டு அலைக்குள் போகக் கூடாது, கயிறு கழுத்திலும் காலிலும் சுற்றும்.

இதையெல்லாம் கடலில் பழகிய பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். போகும் நாளில் ஹைதராபாத் இன்கோயிஸ் நிறுவனத்தின் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். அலை உயரத்தோடு இரண்டு அலைக்கு இடையேயான விநாடிகளையும் பாருங்கள். இடைவெளி நீண்ட அலை தூரத்தில் தாழ்வாகத் தெரிந்தாலும் கரையில் பலமாக உடையும். அதோடு குப்பத்தில் மீனவர்களிடம் நீரோட்டம் எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் படகை இறக்காத நாளில் நீங்கள் இறக்கக் கூடாது. கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, இரண்டையும் போனில் ஏற்றி வையுங்கள்.

நெய்தல்:

நீர்நிலை பற்றி ஒரு வரி. அணையிலும் ஆற்றிலும் கேட்காமல் இறக்க வேண்டாம். அமராவதி அணையிலும் சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்திலும் முதலை உண்டு. பிச்சாவரம் காற்றுக்கு ஒதுக்கமான நல்ல இடம், ஆனால் அலையாத்திக் கால்வாய்களுக்குள் அனுமதியோடும் வழி தெரிந்தவரோடும் மட்டும் போகலாம். உள்ளே எல்லாத் திருப்பமும் ஒன்றாகவே தெரியும்.

மீரா_கடலூர்:

வாடகைப் படகில் ஏறுமுன் பின்முனையில் உள்ள வடிகால் திருகை விரலால் இறுக்கிப் பாருங்கள் சார். அது கழன்றிருந்தாலோ அடியில் வெடிப்பு இருந்தாலோ உள்ளே தண்ணீர் மெதுவாகச் சேரும். ஓட்டுகிறவருக்கு முதலில் தெரியாது. படகு கனமாகி, உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக ஓடத் தொடங்கியதும் காரணமே இல்லாமல் கவிழும். ஓட்டிமுடித்துக் கரையில் அந்தத் திருகைத் திறந்து பின்முனையைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் பரவாயில்லை, வாளிக்கணக்கில் வந்தால் அடுத்த முறை வேறு படகு கேளுங்கள்.

பிறகு எப்போதாவது காற்றடைக்கும் படகே வாங்கினாலும், வெயிலில் வைத்து முழு அழுத்தத்துக்கு ஊதாதீர்கள். சூட்டில் காற்று விரிந்து தையல் பிரியும். நிழலில் ஊதி, தண்ணீரில் இறக்கிப் பத்து நிமிடம் கழித்து, குளிர்ந்து தொய்ந்த அளவுக்கு மட்டும் கூட்டி அடியுங்கள். கரையேறியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். உப்புத்தண்ணீர் பட்ட வால்வை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் முழுதும் உலர்த்தி மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது கையோடு இருக்கட்டும், ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியும். முழுக்கைச் சட்டை, நாடா கட்டிய தொப்பி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் ஏறவிடாது.